சுழிப் பூனைக்கு ஒரு ஜோடி

பாலாத் துறைமுகத்தில் ஸாத்தி அக்காவின் குரல் கேட்காத நாள் கிடையாது. கோதுமைக் கிடங்கில் சல்லடை பிடிக்கிற வேலை அவளுக்கு. காலையிலிருந்து தூசிக்குள்ளேயே நிற்பதால் புருவம், முக்காடு, மேலுதட்டு மீசை எல்லாம் வெளுத்துக் கிடக்கும். மீசை கொஞ்சம் இருந்தது உண்மை. அவள் காதில் விழும் தூரத்தில் இதை யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றுகூடத் தங்கவில்லையாம். அதனால் அவள் பிறந்ததுமே பக்கத்து வீட்டுக்கு ஒரு கூடைத் தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். சும்மா பேருக்கு. சாவு வந்து கதவைத் தட்டினால், “இது எங்க பிள்ளை இல்லையே, வேற ஆளைப் பாரு” என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? ஸாத்தி என்றால் விலைபோனவள் என்று அர்த்தம். எங்கள் ஊரில் ஒரு தெருவில் நின்று அந்தப் பேரைக் கூப்பிட்டால் நாலு வீட்டுக் கதவு திறக்கும்.

அவளுக்கு ஒரே மகன், துர்குத். கடலுக்குள் மூழ்கிக் கடற்பஞ்சு எடுக்கிறவன். ஒரு கோடையில் அவன் போன படகு மட்டும் காலியாக அலைந்து திரிந்து கரைக்கு வந்தது. கொள்ளைக் கப்பல் பிடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். அன்றிலிருந்து எந்தக் கப்பல் வந்தாலும் ஸாத்தி அக்கா சல்லடையைப் போட்டுவிட்டுத் துறைக்கு ஓடுவாள். மாலுமி, சமையற்காரன், கப்பலில் வந்த ஆடு, எதையும் விடமாட்டாள். “துர்குத்துன்னு ஒரு பையன், பார்த்தீங்களா?” என்று கேட்டுவிட்டு, இல்லை என்று சொன்னவனை நன்றாகத் திட்டிவிட்டுத் திரும்புவாள்.

அந்தக் கிடங்கில்தான் சுழி பிறந்தாள்.

எங்கள் பக்கத்துப் பூனை என்றால் கோடுதான். முதுகு நெடுக ஒரு கறுப்புக் கோடு, அதிலிருந்து இரண்டு பக்கமும் மீன்முள் மாதிரி இறங்குகிற சின்னக் கோடுகள். கிடங்குப் பூனை, பள்ளிவாசல் பூனை, புதரில் திரிகிற காட்டுப் பூனை எல்லாவற்றுக்கும் ஒரே சட்டை. இந்தக் குட்டியின் தாய்க்கும் கோடு, தகப்பனுக்கும் கோடு, கூடப் பிறந்ததுகளுக்கும் கோடு. இது ஒன்றுக்கு மட்டும் கோடுகளெல்லாம் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, விலாவில் பெரிய சுழியாகச் சுற்றிக்கொண்டு, நடுவில் ஒரு கறுப்பு வட்டம். வெள்ளம் வரும்போது மெண்டெரெஸ் ஆறு பாலத்தடியில் சுற்றுமே, அந்த மாதிரி.

“நெய்தவன் பாதியில தூங்கிட்டான்” என்று சுமைகூலிகள் சிரித்தார்கள். கிடங்கு மேஸ்திரி, தரித்திரம், ஆற்றில் போடு என்றான். “உன் மூஞ்சியைப் பார்த்து உங்க அம்மா அப்படிச் சொல்லாம விட்டாளே” என்று சொல்லிவிட்டு ஸாத்தி அக்கா குட்டியை எடுத்துச் சட்டைக் கைக்குள் போட்டுக்கொண்டாள்.

சுழி வளர்ந்து பெரியவளான வசந்தத்தில் ஸானினோ வந்தான். செம்பட்டைத் தாடி வைத்த பறங்கிக் கப்பல்காரன். அவன் கப்பல் பெரியது, துறை வரைக்கும் வராது. வண்டல் தட்டும் என்று ஆற்று முகத்திலேயே நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகில் வருவான். எங்கள் பாஷையைக் கல் கலந்த சோறு மாதிரி மென்று பேசுவான். கோதுமை பார்க்க வந்தவன் மூட்டைமேல் படுத்திருந்த சுழியைப் பார்த்ததும் கோதுமையை மறந்துவிட்டான்.

“இது என்ன, பூனையா? பாக்தாத் பட்டு!”

“பட்டுன்னா பெட்டியில வச்சுக்க. இது எலி பிடிக்குது, நீ தள்ளு” என்ற ஸாத்தி அக்கா, வழக்கம்போல மூச்சு விடாமல் அடுத்ததையும் கேட்டாள். “துர்குத்துன்னு ஒரு பையன், பார்த்தியா?”

அவன் தாடியைத் தடவினான். “துர்குத்து. இடது புருவத்துல வெட்டு. சிரிச்சா ஒரு பல்லு கோணல்.”

அவள் புருவத்தைப் பற்றிச் சொல்லவே இல்லை. பல்லைப் பற்றியும் சொல்லவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“தீவுல, ஒரு பிரபு திராட்சைத் தோட்டத்துல வேலை” என்றான் ஸானினோ. “எனக்கு அந்தப் பிரபு பழக்கம். நீ இந்தப் பூனைக்கு ஜோடி குடு. இதே மாதிரி ஒரு கடுவன். எங்க ஊர்ச் சீமாட்டி ஒருத்தி இப்படி ஒண்ணுக்கு உசுரையே விடுவா. ஒத்தைப் பூனை வேடிக்கை. ஜோடி இருந்தாத்தான் குட்டி, குட்டி இருந்தாத்தான் சரக்கு. ஜோடி என் கைக்கு வரட்டும், பையன் உன் கைக்கு வருவான்.”

“எப்ப?”

“திராட்சை அறுப்பு முடிஞ்சு வரேன்.”

ஊரே சுலபம் என்று நினைத்தது. தாய் சுழி என்றால் குட்டி சுழி. வேறென்ன வரும், கழுதையா? பள்ளிவாசல் கடுவன்தான் ஊரிலேயே பெரிய ஆண்பிள்ளை. அவனை ஸாத்தி அக்கா கோழிக் குடல் காட்டி அழைத்துவந்து கிடங்கில் விட்டாள். ஐந்து குட்டி பிறந்தது. ஐந்தும் கோடு. பள்ளிவாசல் கடுவனை அப்படியே அச்சில் வார்த்த மாதிரி.

ஸாத்தி அக்கா ஒவ்வொன்றாகத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரோமம் வளர்ந்தால் சுழியும் வரும் என்று கொஞ்ச நாள் காத்திருந்தாள். ரோமம் வளர்ந்தது. கோடும் வளர்ந்தது.

அப்புறம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊரில் கர்ப்பிணி எதையாவது ஆசையாய்ப் பார்த்தால் அது பிள்ளைமேல் விழும். என் சித்தி ஈரலைப் பார்த்துக்கொண்டே நின்றதால் அவள் மகள் கழுத்தில் ஈரல் நிறத்தில் மச்சம். மனுஷிக்கு ஆகுமென்றால் பூனைக்கு ஆகாதா? முதல் தடவை சுழி சினையாக இருந்தபோது எதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்? கோதுமைச் சாக்கு. சாக்கில் என்ன இருந்தது? கோடு. விஷயம் விளங்கிவிட்டது.

நேராகக் காஜியார் வீட்டுக்குப் போனாள். காஜியாரின் மனைவி நெஃபீஸே ஹாத்தூனிடம் அலை அலையாய்ச் சுழித்து மின்னும் பட்டு அங்கி ஒன்று இருந்தது. பெருநாளுக்கு மட்டும்தான் வெளியே வரும்.

“ஹாத்தூன், உங்க அங்கியைக் கொஞ்ச நாள் இரவல் தரணும்.”

“கல்யாணமா? யாருக்கு?”

“பூனைக்கு.”

“என்னடி சொல்றே?”

“பூனை பார்க்கணும் ஹாத்தூன். அது பார்த்தாத்தான் எம் மகன் வருவான்.”

நெஃபீஸே ஹாத்தூன் சிரிக்க வாயைத் திறந்தாள். அப்புறம் ஸாத்தி அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் அங்கியை எடுத்துவந்தாள். “நகம் படாம பார்த்துக்கோ” என்றாள்.

நகம் பட்டது. அந்தக் கோடை முழுக்க ஊரிலேயே விலையுயர்ந்த துணி கிடங்கின் மூன்றாவது அறையில் ஒரு பூனையின் மூக்குக்கு முன்னால் தொங்கியது. சுழி அதைப் பார்த்தாள், ஏறினாள், அதிலேயே தூங்கினாள். ஸாத்தி அக்கா சல்லடை ஆட்டிக்கொண்டே, “பாருடி, கண்ணு, நல்லா பாரு, அந்த வளைவைப் பாரு” என்று கெஞ்சிக்கொண்டிருப்பாள். வேறு யாரிடமும் அவள் அந்தக் குரலில் பேசிக் கேட்டதில்லை.

மூன்று குட்டிகள். மூன்றும் கோடு. அங்கியில் ஏழெட்டுக் கிழிசல்.

திராட்சை அறுப்பு முடிந்து ஸானினோ வருகிறான் என்று செய்தி வந்தபோது அவள் செய்த காரியம், ஊர் விஷமத்துக்கெல்லாம் பொறுப்பாளி என்று பேர் வாங்கிய எனக்கே தோன்றாதது. பச்சை அக்ரூட் கொட்டைத் தோலை இடித்துக் கறுப்புச் சாறெடுத்து, குட்டிகளில் ஒரு கடுவனைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, கோழி இறகால் விலாவில் சுழி வரைந்துவிட்டாள். நன்றாகவே வரைந்திருந்தாள். தூரத்தில் இருந்து பார்த்தால் நானே நம்பியிருப்பேன். குட்டிதான் நம்பவில்லை. நக்கிக்கொண்டே இருந்தது.

ஸானினோ குட்டியைத் தூக்கினான். கட்டைவிரலில் எச்சில் தொட்டு விலாவில் ஒரு இழுப்பு இழுத்தான். விரலைப் பார்த்தான்.

“கிழவி” என்றான் மெதுவாக, “நான் துணி வியாபாரி மகன். சாயம் போட்டு என்னை ஏமாத்த எங்க அப்பனாலயே முடியலை.”

அவள் அவன் காலைப் பிடித்தாள். கிடங்கில் எல்லார் முன்னாலும். ஸாத்தி அக்கா யார் காலிலாவது விழுவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் அவனைக் கேலி செய்தே ஊரைவிட்டு ஓட்டியிருப்போம்.

“வெள்ளம் வர்ற வசந்தத்துக்கு இன்னொரு தடவை வரேன்” என்றான் ஸானினோ காலை உதறிக்கொண்டு. “அப்பவும் ஜோடி இல்லேன்னா பிரபு உன் பையனை எகிப்துச் சந்தைக்கு அனுப்பிடுவாரு. அங்கே போனவன் பேரை அப்புறம் யாரும் கூப்பிடறதில்லை.”

அந்தக் குளிர்காலத்தில் ஸாத்தி அக்கா திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

மேஸ்திரி தாமதமாய் வந்தான், திட்டவில்லை. சுமைகூலிகள் மூட்டையைக் கிழித்தார்கள், திட்டவில்லை. நான் அவள் சல்லடைக்குள் ஒரு தவளையைப் போட்டேன். சும்மா, பழைய குரலில் ஒரு வார்த்தை கேட்கலாமே என்றுதான். அவள் தவளையைக் கையில் எடுத்துச் சுவரோரம் மெதுவாக இறக்கிவிட்டுச் சல்லடையைத் தொடர்ந்தாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் யாருக்குமே அப்படித்தான் இருந்தது. மேஸ்திரியே ஒரு நாள், “ஏதாவது சொல்லேன் ஸாத்தி” என்று கேட்டுப் பார்த்தான்.

அதே நேரத்தில் அவளுக்கு இன்னொரு தொல்லை. முதல் ஈற்றில் பிறந்த ஐந்தில் ஒன்று கடுவனாகி, சண்டையில் ஒரு காதைத் தொலைத்து, ஒற்றைக்காதன் என்று பேரும் வாங்கியிருந்தது. உடம்பெல்லாம் கோடு. அது தன் தாயையே சுற்றிச் சுற்றி வந்து, கிடங்குக் கதவடியில் கிடந்து ஊளையிட்டது. ஸாத்தி அக்கா துடைப்பத்தால் அடித்து விரட்டுவாள். அது திரும்ப வரும். திரும்ப அடி.

“விட்டுத் தொலையேன் அக்கா, அதுவும் ஆம்பளைதானே” என்றான் ஒரு சுமைகூலி.

“பெத்த தாயிடா அவ! வாயைக் கழுவு!” அந்தக் குளிர்காலத்தில் அவள் வாயில் வந்த ஒரே திட்டு அதுதான். “ஏற்கெனவே அல்லா என்னைத் திரும்பிப் பார்க்கலை. இந்தப் பாவத்தையும் என் கூரைக்கடியில நடக்க விட்டா எம் பையனை உசுரோட விடுவானா?”

காரா கிராமத்தில் பருத்த கடுவன் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதைக் கொண்டுவர ஒரு நாள் கழுதையில் புறப்பட்டுப் போனாள். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் போனாள். ஒற்றைக்காதன் கூரை ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே குதித்துவிட்டது. அவள் காரா கடுவனைக் கூடையில் கட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தபோது தாயும் மகனும் ஒரே சாக்கில் சுருண்டு கிடந்தார்கள்.

தானியம் அள்ளும் மரச்சட்டுவத்தை எடுத்து ஒற்றைக்காதனை அடித்தாள். அது ஓடிய பிறகும் சாக்கையே அடித்துக்கொண்டிருந்தாள். கோதுமை சிதறியது. அப்புறம் அதே கோதுமையில் உட்கார்ந்து, “போச்சு, எம் பையன் போயிட்டான், நானே வித்துட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டாள். இமாமிடம் ஓடி, பாவத்துக்குப் பரிகாரம் கேட்டாள்.

இமாம் நல்ல மனுஷர். “பூனைக்கு நிக்காஹ் உண்டா ஸாத்தி?” என்றார்.

“இல்லை.”

“தலாக் உண்டா?”

“இல்லை.”

“அப்ப நீயும் நானும் அதுல தலையிட வேண்டாம். போய் ரெண்டு வாய் சாப்பிடு.”

அவள் சாப்பிடவில்லை. சுழி சினையானாள். யாரும் எதுவும் எதிர்பார்க்கவில்லை. கோட்டுக் கடுவன், இன்னும் நாலு கோட்டுக் குட்டி, வெள்ளத்தோடு ஸானினோ, அவ்வளவுதான் கதை என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. பட்டு அங்கியை யாரும் தொங்கவிடவில்லை. சுழி வெறும் மண்சுவரைப் பார்த்துக்கொண்டே குட்டி போட்டாள்.

நாலு குட்டி. இரண்டு கோடு. இரண்டு சுழி. சுழி இரண்டில் ஒன்று கடுவன்.

ஸாத்தி அக்கா குனிந்தாள். கடுவன் குட்டியை எடுத்து, முதலில் விரலில் எச்சில் தொட்டு விலாவில் தேய்த்துப் பார்த்தாள். அழியவில்லை. ஓலைக் கூடையில் கம்பளியை விரித்து அதில் போட்டாள்.

இது எப்படி என்று ஊர் ரொம்ப நாள் வாய்ச்சண்டை போட்டது. பாதிப் படிப்போடு நின்ற எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். கோடு மேல்சட்டை, சுழி உள்சட்டை. ஒற்றைக்காதன் வெளியே தகப்பன் கொடுத்த கோட்டைப் போட்டிருந்தாலும், உள்ளே தாய் கொடுத்த சுழியையும் போட்டுக்கொண்டுதான் திரிந்திருக்கிறான். மேல்சட்டை இருக்கும்வரை உள்சட்டை தெரியாது. தாய்ப்பக்கம் ஒன்று, அவன் ஒளித்துவைத்தது ஒன்று என்று இரண்டு உள்சட்டை சேர்ந்த குட்டிக்குத்தான் மேல்சட்டையே இல்லை. அப்படியானால் ஸாத்தி அக்கா துடைப்பத்தால் விரட்டிக்கொண்டிருந்தது தன் மகன் திரும்பி வரும் வழியைத்தான். இதை நான் அவளிடம் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.

குட்டிகள் கண் திறந்து தள்ளாடத் தொடங்கியபோது ஸானினோ வந்தான். அந்த வருஷம் வெள்ளம் பெரியது. வண்டலுக்கு மேல் தண்ணீர் நின்றதால் அவன் கப்பல் முதல் தடவையாகத் துறை வரைக்கும் வந்து கல் படியை ஒட்டி நின்றது. ஊரே வேடிக்கை பார்க்கத் திரண்டது. அவ்வளவு பெரிய வயிற்றை நாங்கள் பக்கத்தில் பார்த்ததில்லை. பக்கவாட்டில் துடுப்புத் துளைகள் வரிசையாய், இருட்டாய்.

ஸாத்தி அக்கா கூடையோடு வந்தாள். மேலே துணி கட்டி, உள்ளே சுழியும் கடுவன் குட்டியும். கோட்டுக் குட்டிகளையும் மற்றச் சுழிப் பெட்டையையும் கிடங்கில் வேறொரு தாயோடு சேர்த்துவிட்டிருந்தாள்.

ஸானினோ துணியை விலக்கிப் பார்த்தான். எச்சில் தொட்டுத் தேய்த்தான். விரல் சுத்தமாக இருந்தது. அவன் முகம் மலர்ந்தது.

“குடு.”

“பையன் எங்கே?”

“தீவுல. இதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு, அறுப்பு முடிஞ்சு கூட்டிட்டு வரேன்.”

அவள் கூடையை இழுத்துக்கொண்டாள். பின்னால் நகர்ந்து நகர்ந்து கல்படியின் விளிம்புக்குப் போனாள். வெள்ளம் கீழே சுழித்துக்கொண்டு ஓடியது. கூடையை இரண்டு கையாலும் தண்ணீருக்குமேல் நீட்டினாள்.

“இப்ப வேணும். இல்லேன்னா இது போகும்.”

“பைத்தியமே, அவன் இங்கே இல்லைன்னு சொல்றேன்ல!”

“அப்ப இதுகூட நானும் போறேன். நீ வெறுங்கையோட போய் உன் சீமாட்டிக்குத் தாடியைக் காட்டு.”

ஒரு காலை விளிம்பிலிருந்து எடுத்துவிட்டாள். கூடைக்குள்ளே சுழி கத்தினாள். ஸாத்தி அக்காவுக்கு நீந்தத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். நாங்கள் யாரும் அசையவில்லை. அசைந்தால் விழுந்துவிடுவாளோ என்று பயம்.

“அம்மா! பின்னாடி போ! அங்கே ஆழம், பின்னாடி போம்மா!”

குரல் எங்கிருந்து வந்தது என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. ஸாத்தி அக்கா வானத்தைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். அப்புறம் கீழ்வரிசைத் துடுப்புத் துளை ஒன்றிலிருந்து நாலு விரல் வெளியே நீண்டு பலகையைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

தீவும் இல்லை, திராட்சையும் இல்லை, பிரபுவும் இல்லை. போன வசந்தத்திலும் அவன் இங்கேதான் இருந்திருக்கிறான், ஆற்று முகத்தில், துடுப்போடு கட்டிப்போட்டபடி. அவள் பூனைக்குப் பட்டுத் தொங்கவிட்ட கோடையில் எங்கோ கடலில். அவள் காலில் விழுந்த அன்று மறுபடியும் ஆற்று முகத்தில். சொந்த ஊர்த் துறையில் வாய் திறந்தால் நாக்கு இருக்காது என்று சொல்லிவைத்திருந்தார்களாம்.

சுமைகூலிகள் முதலில் அசைந்தார்கள். நாலு பேர் போய்க் கப்பலின் கட்டுக்கயிற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். “எங்க ஊர் ஆளை உன் துடுப்புல கட்டலாம்னு எங்க அமீரோட நீங்க போட்ட ஒப்பந்தத்துல எந்த வரியில இருக்கு, காட்டேன்” என்று மேஸ்திரி கேட்டான். போன வாரம் வாங்கினேன், இவன்தான் அவன் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று ஸானினோ ஏதேதோ சொன்னான். புருவத்து வெட்டையும் கோணல் பல்லையும் அவன் வாயாலேயே கேட்டவர்கள் பத்துப் பேர் அங்கே நின்றார்கள். அவன் மேலே பார்த்துத் தன் பாஷையில் கத்தினான். உள்ளே விலங்கை உடைக்கும் சம்மட்டிச் சத்தம் கேட்டது.

துர்குத்தை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். பஞ்சு எடுக்க மூழ்கினால் எங்களுக்கு மூச்சு முட்டும் வரை கீழேயே இருப்பானே, அந்தத் துர்குத். அவனால் நிமிர முடியவில்லை. படியில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே முன்னும் பின்னும் ஆடினான், துடுப்பு இழுக்கிற மாதிரி.

ஸாத்தி அக்கா கூடையைக் கீழே வைத்தாள். எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கப்பல் போன பிறகுதான் கூடையும் போயிருப்பதை நாங்கள் பார்த்தோம். சுழியும் குட்டியும் ஸானினோவோடு கடலில் இருந்தார்கள். படகெடுத்துத் துரத்தலாம் என்று சிலர் துள்ளினார்கள்.

“போய்த் தொலையட்டும்” என்றாள் ஸாத்தி அக்கா. அதற்குப் பிறகு ஸானினோவைப் பற்றி, அவன் தாயைப் பற்றி, தாடியைப் பற்றி, கப்பலின் அடிப்பலகையைப் பற்றி அவள் சொன்னவற்றை இமாம் படிக்கக்கூடும் என்பதால் நான் எழுதவில்லை. ஒரு குளிர்காலத்து வசவு மொத்தமும் வந்தது. மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

திட்டிக்கொண்டே அவள் மகன் பக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தாள். அவன் தூங்கிப்போயிருந்தான். இல்லாத துடுப்பைப் பிடித்த மாதிரி இரண்டு கைகளும் இறுக மூடியிருந்தன. அவள் அவற்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். பிரித்த விரல் திரும்ப மடங்கியது. மறுபடியும் பிரித்தாள்.